பன்னாட்டு ஹோட்டல், உணவக வியூக மேலாண்மைப் படிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பன்னாட்டு ஹோட்டல்கள், உணவகங்களின் வியூக மேலாண்மையைப் பல்கலைக்கழகத்தில் படிக்க எண்ணுவோரும், சேர்ந்து முதல் ஆண்டைக் கடந்துகொண்டிருப்போரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தந்திருக்கிறேன். சில விடைகள் நீளமானவை. ஒப்பந்தங்களைப் பற்றிய விடையையும் எண்களைப் பற்றிய விடையையும் மட்டுமாவது பொறுமையாகப் படிக்க வேண்டும். மாணவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது அந்த இரண்டு இடங்களில்தான்.

ஹோட்டல் மேலாண்மையும் ஹோட்டல் வியூக மேலாண்மையும் ஒன்றுதானா?

ஒன்றல்ல. முன்னது, ஒரு ஹோட்டலை இன்றைக்கு ஒழுங்காக நடத்தக் கற்பிக்கிறது: வரவேற்புப் பிரிவு, ஹவுஸ்கீப்பிங், சமையலறை, விருந்து மண்டபம், கணக்கு. பின்னது, அந்த ஹோட்டல் ஏன் அந்த இடத்தில், அந்தப் பெயரில், அந்தக் கட்டணத்தில், அந்த விருந்தினர்களுக்காக இருக்க வேண்டும் என்று கேட்கிறது. போட்டியும் தொழில்நுட்பமும் மாறிய பிறகும் அது இலாபத்தோடு நிலைக்குமா என்றும் கேட்கிறது.

இந்தத் தொழிலின் வியூகத்துக்குத் தனிப் பாடம் தேவைப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. இன்றிரவு விற்காமல் போன அறையை நாளைக்கு விற்க முடியாது; அந்த வருமானம் போனது போனதுதான். ஆனால் அந்த அறை இருக்கும் கட்டடமோ பல பத்தாண்டுகளுக்கு அதே இடத்தில் நிற்கும். தேவை குறைந்துவிட்டது என்பதற்காக அதைப் பெயர்த்து வேறு நகரத்துக்குக் கொண்டுபோக இயலாது. ஓர் இரவில் அழியும் சரக்கு ஒருபுறம், ஒரு தலைமுறைக்கு முடங்கும் முதலீடு மறுபுறம் என்ற இந்த இழுபறியிலிருந்துதான் பாடத்தின் பெரும்பாலான கேள்விகள் பிறக்கின்றன.

புகழ்பெற்ற பெயர் தாங்கிய ஹோட்டல்கள் எல்லாம் அந்த நிறுவனத்துக்கே சொந்தமானவை அல்லவா?

பெரும்பாலும் இல்லை. இந்தப் படிப்பில் முதலில் தெளிவாக வேண்டிய செய்தி இதுவே என்பது என் உறுதியான கருத்து. ஒரு பன்னாட்டு ஹோட்டலில் மூன்று வேறு வேறு தரப்பினர் இருக்கலாம்: கட்டடத்துக்கு உரிமையாளர் ஒருவர், வாசலில் எழுதியிருக்கும் பெயருக்கு உரிமையாளர் ஒருவர், நாள்தோறும் நடத்துபவர் ஒருவர். மூவரும் ஒருவராகவே இருப்பதும் உண்டு, ஆனால் பெரிய நிறுவனங்களில் அது குறைந்துகொண்டே வந்திருக்கிறது.

இந்தப் பிரிவினை ஒரே நாளில் வந்ததல்ல. பான் அமெரிக்கன் விமான நிறுவனம் 1946-இல் இன்டர்கான்டினென்டல் ஹோட்டல் நிறுவனத்தைத் தொடங்கியபோதும், 1949-இல் ஹில்டன் நிறுவனம் பியூர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவானில் அரசு முகமை கட்டிக்கொடுத்த ஹோட்டலை நடத்த ஏற்றபோதும், அயல் மண்ணில் தன் முதலைக் குறைவாக இட்டு ஹோட்டல் நடத்தும் வழிகள் வடிவம் பெறத் தொடங்கின. 1993-இல் மாரியட் தன்னை இரண்டாகப் பிரித்துக்கொண்டது: சொத்துகளை வைத்திருக்க ஒரு நிறுவனம், பெயரையும் நிர்வாகத்தையும் பார்த்துக்கொள்ள மற்றொன்று. 2017-இல் ஹில்டன் தன் சொத்துகளில் பெரும்பகுதியைத் தனி நிறுவனமாகப் பிரித்தது. மறு ஆண்டு பிரான்சின் அக்கோர் தன் சொத்து நிறுவனத்தின் பெரும்பங்கை முதலீட்டாளர்களுக்கு விற்றது. கட்டடத்தைக் கைவிட்டுப் பெயரை வளர்ப்பது என்ற இந்த வியூகம் ஏன் வந்தது, யாருக்கு நன்மை செய்தது, யார் தலையில் இடரை ஏற்றியது என்பதை விளக்கத் தெரிந்த மாணவர் பாடத்தின் மையத்தைப் பிடித்துவிட்டார் என்று சொல்லலாம்.

மேலாண்மை ஒப்பந்தம் என்பது நடைமுறையில் எப்படி இயங்குகிறது?

ஓர் எடுத்துக்காட்டைக் கணக்கோடு பார்ப்போம். எண்கள் கற்பனையானவை, ஆனால் கணக்கின் வரிசை உண்மையான ஒப்பந்தங்களில் இருப்பது போன்றதே.

ஒரு ஹோட்டலின் ஆண்டு வருமானம் 1 கோடி டாலர், செயல்பாட்டு இலாபம், அதாவது ஹோட்டலை நடத்தும் செலவுகள் போக மிஞ்சுவது, 35 லட்சம் என்று கொள்வோம். நடத்தும் நிறுவனத்துக்கு வருமானத்தில் 3 விழுக்காடு அடிப்படைக் கட்டணம், செயல்பாட்டு இலாபத்தில் 8 விழுக்காடு ஊக்கக் கட்டணம். ஆக, 3 லட்சமும் 2.8 லட்சமும் சேர்ந்து 5.8 லட்சம் அந்த நிறுவனத்துக்குப் போகிறது. எஞ்சிய 29.2 லட்சத்திலிருந்து, அறைகலன்களையும் இயந்திரங்களையும் காலத்துக்குக் காலம் புதுப்பிக்க வருமானத்தில் 4 விழுக்காடு, அதாவது 4 லட்சம், ஒதுக்கப்படுகிறது. சொத்து வரிக்கும் காப்பீட்டுக்கும் 4.2 லட்சம். மீதி 21 லட்சம். உரிமையாளர் வங்கிக்குக் கட்ட வேண்டிய தவணை 22 லட்சம் என்றால், ஹோட்டல் நன்றாக ஓடிய ஆண்டிலேயே அவர் கையிலிருந்து 1 லட்சம் போட வேண்டியிருக்கிறது.

இப்போது வருமானம் 80 லட்சமாகக் குறைகிறது. செலவுகளில் பெரும்பகுதி எளிதில் குறையாதவை என்பதால் செயல்பாட்டு இலாபம் 23 லட்சமாகச் சரிகிறது. நடத்தும் நிறுவனத்தின் கட்டணம் 5.8 லட்சத்திலிருந்து ஏறத்தாழ 4.24 லட்சமாக, சுமார் கால் பங்கு குறைகிறது. உரிமையாளரின் பற்றாக்குறையோ 1 லட்சத்திலிருந்து 10 லட்சத்துக்கும் மேலாகிறது. ஒரே ஹோட்டல், ஒரே சரிவு, இரு தரப்பினருக்கும் இரு வேறு அனுபவம்.

இந்தக் கணக்கைக் கையால் போட்டுப் பார்த்த பிறகு ஒப்பந்தத்தின் பிரிவுகளைப் படித்தால் ஒவ்வொன்றும் எதற்காக எழுதப்பட்டது என்பது புரியும். உரிமையாளருக்குக் குறிப்பிட்ட வருவாய் கிடைத்த பிறகே ஊக்கக் கட்டணம் என்று சில ஒப்பந்தங்கள் விதிக்கும். நிர்ணயித்த இலக்கை அடுத்தடுத்த ஆண்டுகளில் எட்டாவிட்டால் நிறுவனத்தை நீக்கலாம் என்று சில சொல்லும். அதே பெயரில் அருகில் இன்னொரு ஹோட்டல் திறக்கக் கூடாது என்ற பிரிவைச் சேர்க்க உரிமையாளர் போராடுவார்; நிறுவனமோ அதன் எல்லையைச் சுருக்கப் பார்க்கும். இத்தகைய ஒப்பந்தங்கள் பெரும்பாலும் நீண்ட காலத்துக்கானவை என்பதால், கையெழுத்திடும் நாளில் விட்ட ஒரு வரியின் விலையைப் பின்னால் வருபவர்கள் நெடுங்காலம் கொடுக்க நேரும்.

உரிமக் கிளை முறையில், அதாவது பிரான்சைஸில், பெயரும் முன்பதிவு அமைப்பும் தரவிதிகளும் மட்டும் வாடகைக்கு வருகின்றன. நடத்துவது உரிமையாளரோ அவர் அமர்த்தும் வேறொரு நிறுவனமோ ஆகும். குத்தகையில் நடத்துபவர் வாடகை கொடுத்துவிட்டு இலாப நட்டத்தைத் தாமே ஏற்கிறார். மூன்றையும் ஒரே எண்களில் வைத்துக் கணக்கிட்டுப் பார்ப்பது சிறந்த பயிற்சி.

கோட்பாடுகள் நிறைய வருகின்றன. எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டுமா?

பெயர்களை நினைவில் வைப்பது எளிது. எந்தக் கேள்விக்கு எந்தக் கருவி என்று தெரிந்துகொள்வதே படிப்பு. மைக்கேல் போர்ட்டர் 1979-இல் முன்வைத்த ஐந்து விசைகள் (போட்டியாளர்கள், புதிதாக நுழைபவர்கள், மாற்றுப் பொருள்கள், வாங்குவோர், வழங்குநர்கள்), ஒரு தொழிலில் இலாபம் யார் கைக்குப் போகிறது என்று காட்டுகின்றன. ஜே பார்னி 1991-இல் எழுதிய வளங்கள் சார்ந்த பார்வை, பிறர் எளிதில் நகலெடுக்க முடியாதது உங்களிடம் என்ன இருக்கிறது என்று கேட்கிறது. ஜான் டன்னிங்கின் கோட்பாடு, ஒரு நிறுவனம் ஏன் அயல்நாட்டுக்குப் போகிறது, போகும்போது முதலீடு செய்வதா ஒப்பந்தம் போடுவதா என்பதை விளக்குகிறது. அவர் இதை ஹோட்டல் தொழிலுக்கே பொருத்தி 1980-களின் தொடக்கத்தில் ஆய்வு செய்தார் என்பதால் நமக்கு அது கூடுதல் நெருக்கமானது. பங்கஜ் கெமாவத் 2001-இல் தந்த சட்டகம், இரு நாடுகளுக்கிடையே உள்ள தொலைவைப் பண்பாடு, நிர்வாகம், புவியியல், பொருளாதாரம் என நான்காகப் பிரிக்கிறது.

ஐந்து விசைகளை ஹோட்டலுக்குப் பொருத்தும்போது பெரும்பாலான விடைத்தாள்கள் போட்டியாளர்களையும் விருந்தினர்களையும் எழுதி நிறுத்திவிடுகின்றன. இணைய முன்பதிவுத் தளங்கள் எங்கே நிற்கின்றன என்ற கேள்வி பல நேரங்களில் விடுபடுகிறது. அவை விருந்தினரைக் கொண்டுவந்து தரும் விற்பனை வழி. அதே நேரத்தில் அந்த விருந்தினருடனான தொடர்பைத் தம் கையில் வைத்துக்கொண்டு அறைக் கட்டணத்தில் கணிசமான தரகு பெறும் சக்திவாய்ந்த வழங்குநர்கள். விருந்தினர் தம்மிடமே நேரடியாகத் திரும்பத் திரும்ப வருவதற்கான உறுப்பினர் திட்டங்களுக்குப் பெரிய நிறுவனங்கள் இவ்வளவு செலவிடுவதற்கும், 2016-இல் மாரியட் ஸ்டார்வுட் என்ற ஹோட்டல் நிறுவனத்தை வாங்கியபோது ஸ்டார்வுட்டின் உறுப்பினர் திட்டம் அவ்வளவு மதிப்புடையதாகக் கருதப்பட்டதற்கும் இதுவே முக்கியக் காரணம். கோட்பாடு இப்படி ஒரு முடிவை விளக்கினால்தான் அதற்கு மதிப்பெண்.

ஒரு பெயரை எல்லா நாடுகளிலும் ஒரே மாதிரி நடத்த வேண்டுமா, இடத்துக்கு ஏற்ப மாற்ற வேண்டுமா?

விருந்தினர் எதை நம்பி வருகிறாரோ அதை மாற்றக் கூடாது, மற்றதை மாற்றலாம். பாதுகாப்பு, தூய்மை, முன்பதிவின் உறுதி, படுக்கையின் தரம் ஆகியவை முதல் வகை. உணவுப்பட்டியல், வரவேற்கும் முறை, பொது இடங்களின் அமைப்பு ஆகியவை இரண்டாம் வகை. எல்லைக்கோடு எங்கே என்பதில்தான் நிறுவனங்கள் இடறுகின்றன. ஸ்டார்பக்ஸ் 2000-இல் ஆஸ்திரேலியாவுக்குள் நுழைந்து விரைவாகக் கடைகளைப் பெருக்கியது. 2008-இல் 84 கடைகளில் 61-ஐ ஒரே அறிவிப்பில் மூடியது. எஸ்பிரெசோ காபிப் பழக்கம் ஏற்கெனவே ஆழமாக வேரூன்றி, சிறு கடைகள் நிறைந்திருந்த சந்தையில், மற்ற நாடுகளில் புதுமையாகத் தெரிந்த பொருள் புதுமையாகத் தெரியவில்லை என்பது பலரும் ஏற்கும் விளக்கம்.

பெயரே ஒரு சொத்து என்பதற்கு ஹில்டனின் வரலாறு நல்ல பாடம். 1964-இல் அதன் பன்னாட்டுப் பிரிவு தனி நிறுவனமாகப் பிரிந்தது. அதன்பின் அமெரிக்காவுக்குள் ஒரு நிறுவனமும் வெளியே வேறொரு நிறுவனமும் அதே பெயரைப் பயன்படுத்தின. அமெரிக்க நிறுவனம் வெளிநாட்டுக்குப் போக விரும்பியபோது தன் சொந்தப் பெயரைப் பயன்படுத்த முடியாமல் கான்ராட் என்ற பெயரை உருவாக்கியது. 2006-இல்தான் இரண்டும் மீண்டும் ஒன்றாயின.

கணக்கில் நான் வலுவானவர் அல்ல. சமாளிக்க முடியுமா?

முடியும். கூட்டல், பெருக்கல், விழுக்காடு ஆகியவற்றைத் தயங்காமல் போடத் தெரிந்தால் தொடங்கலாம். எண் என்ன சொல்கிறது என்று கேட்கும் பழக்கம் அதைவிட முக்கியம்.

200 அறைகள் உள்ள ஒரு ஹோட்டலைக் கொள்வோம். ஓர் இரவில் 70 விழுக்காடு, அதாவது 140 அறைகள், சராசரி 100 டாலருக்குப் போகின்றன. அறை வருமானம் 14,000 டாலர். இதை இருக்கும் 200 அறைகளாலும் வகுத்தால் 70. இதுவே ரெவ்பார் எனப்படும் அளவு. மேலாளர் கட்டணத்தை 85 ஆகக் குறைக்கிறார். 164 அறைகள் நிரம்புகின்றன. வருமானம் 13,940, ரெவ்பார் 69.7. வருமானம் ஏறத்தாழ அதேதான், ஹோட்டலும் கலகலப்பாகத் தெரிகிறது. ஆனால் ஓர் அறை நிரம்பினால் சுத்தம் செய்ய, துணி வெளுக்க, மின்சாரத்துக்கு, தரகுக்கு 20 டாலர் ஆகிறது என்றால், முதல் இரவில் எஞ்சுவது 11,200; இரண்டாம் இரவில் 10,660. கூடுதலாக 24 அறைகளைச் சுத்தம் செய்து 540 டாலர் குறைவாகச் சம்பாதித்திருக்கிறோம். அந்த 24 அறைகளில் தங்குபவர்கள் உணவகத்தில் நிறையச் செலவழிப்பவர்களாக இருந்தால் முடிவு மாறும் என்பதையும் சேர்த்துச் சொல்பவர்தான் நல்ல மாணவர்.

ஹோட்டல் கணக்குகளுக்கென ஒரு பொதுமுறை உண்டு. நியூயார்க் நகர ஹோட்டல் சங்கம் 1926-இல் அதன் முதல் பதிப்பை வெளியிட்டது. உலகின் பல பகுதிகளில் உள்ள ஹோட்டல்களை ஒரே அளவுகோலில் ஒப்பிட முடிவது இந்த முறையால்தான். அதில் எந்தச் செலவு எந்தப் பிரிவின்கீழ் வருகிறது என்று தெரிந்துவைத்திருப்பவர் பயிற்சிப் பணியில் முதல் வாரத்திலேயே பயன்படுவார்.

உணவகங்கள் இந்தப் பாடத்தில் ஓர் ஒட்டுப் பகுதிதானா?

பல பாடத்திட்டங்களில் அப்படித்தான் இருக்கிறது என்பது வருத்தத்துக்குரியது. உணவகத்தின் வியூகம் தனித்தன்மை உடையது. ஹோட்டல் நேரத்தை இரவு இரவாக விற்கிறது. உணவகம் நேரத்தை விற்கிறது என்பதையே வெளியில் காட்டிக்கொள்வதில்லை. ஆனால் ஓர் இருக்கை ஒரு மணி நேரத்தில் எவ்வளவு ஈட்டுகிறது என்பதே அங்கே அடிப்படை அளவு. கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஷெரில் கைம்ஸ் 1990-களின் இறுதியில் வருவாய் மேலாண்மையை, அதாவது தேவைக்கேற்ப விலையையும் இடத்தையும் நேரத்தையும் கையாண்டு வருமானத்தைக் கூட்டும் முறையை, உணவகங்களுக்குக் கொண்டுவந்தபோது இந்த அளவையே மையமாக்கினார்.

நால்வர் மேசைகள் 15 உள்ள ஓர் உணவகத்தைப் பாருங்கள், 60 இருக்கைகள். வருபவர்களில் பெரும்பாலோர் இருவர் இருவராக வருகிறார்கள். எல்லா மேசையிலும் ஆள் இருக்கிறார்கள், வாசலில் வரிசை நிற்கிறது, பரிமாறுபவர்கள் ஓடுகிறார்கள், ஆனால் பாதி இருக்கைகள் காலி. சமையலறையை விரிவாக்குவதற்கோ விலையை உயர்த்துவதற்கோ முன், சில மேசைகளை இருவருக்கானதாக மாற்றி, தேவைப்படும்போது சேர்த்துக்கொள்வதே முதல் தீர்வு. வரிசையில் நிற்பவர்களை எண்ணுவதோடு காலி நாற்காலிகளையும் எண்ணும் கண் இந்தப் பாடத்தால் வர வேண்டும்.

உணவுப்பட்டியலை ஆராயும் முறையும் இதில் வரும். கசவானாவும் ஸ்மித்தும் 1982-இல் தந்த முறையில் ஒவ்வொரு உணவும் எவ்வளவு விற்கிறது, விற்ற ஒவ்வொன்றும் எவ்வளவு மிச்சம் தருகிறது என்ற இரண்டையும் கொண்டு நான்கு வகையாகப் பிரிக்கப்படுகிறது. பன்னாட்டு அளவில் பார்த்தால், மெக்டொனால்ட்ஸ் பாடம் தவறாமல் வரும்: அதன் கடைகளில் சுமார் 95 விழுக்காடு உரிமம் பெற்றவர்களால் நடத்தப்படுபவை; 1956-இல் அதன் நிதிப் பொறுப்பைப் பார்த்த ஹாரி சோனபோர்ன் யோசனைப்படி நிலத்தையும் கடையையும் தன் கையில் வைத்து உரிமக்காரருக்கு வாடகைக்கு விடத் தொடங்கியதுதான் அதன் வலிமைக்கு அடித்தளம். ஹோட்டல் நிறுவனங்கள் கட்டடத்தைக் கைவிட்டு வளர்ந்தன, இது இடத்தைப் பிடித்து வளர்ந்தது. இரண்டும் எப்படிச் சரியாக இருக்க முடியும் என்பது தேர்வுக்கும் நல்ல கேள்வி, சிந்தனைக்கும் நல்ல கேள்வி.

வேலை அனுபவம் இல்லாமல் சேரலாமா?

சேரலாம், ஆனால் இன்டர்ன்ஷிப்பை ஒரு சடங்காக முடித்துவிடக் கூடாது. வரவேற்பு மேசையில் நள்ளிரவுக் கணக்கு முடிப்பதைப் பார்க்க வேண்டும். அறைக் கட்டணத்தை முடிவு செய்யும் வாராந்திரக் கூட்டத்தில், மூலையிலாவது, உட்கார அனுமதி கேட்க வேண்டும். ஒரு பணியாளர் ஒரு நாளில் எத்தனை அறைகளைச் சுத்தம் செய்கிறார், அந்த எண்ணை இரண்டு கூட்டினால் அவர் உடலுக்கும் அறையின் தரத்துக்கும் என்ன ஆகிறது என்று அவரோடு நின்று தெரிந்துகொள்ள வேண்டும். செலவுக் குறைப்பு வியூகங்களில் பாதி அந்த இடத்தில்தான் வெற்றி பெறுகின்றன அல்லது தோற்கின்றன, அதைத் தலைமை அலுவலக அறிக்கைகள் காட்டுவதில்லை.

எந்தப் பல்கலைக்கழகத்தைத் தேர்வது?

தரவரிசையைவிடப் பாடத்திட்டத்தைப் பாருங்கள். சுவிட்சர்லாந்தின் லோசானில் 1893-இல் தொடங்கிய ஹோட்டல் பள்ளி இத்துறையின் மிகப் பழமையானது. அமெரிக்காவின் கார்னெல் 1922-இல் பல்கலைக்கழக அளவில் ஹோட்டல் படிப்பைத் தொடங்கியது. ஹாங்காங் பாலிடெக்னிக் பல்கலைக்கழகம் 2011-இல் திறக்கப்பட்ட ஹோட்டல் ஐகான் என்ற முழு ஹோட்டலையே கற்பிக்கவும் ஆராயவும் வைத்திருக்கிறது. ஆனால் பெயரைப் பார்த்து மட்டும் முடிவு செய்ய வேண்டாம். சொத்து நிதியியல், ஒப்பந்தச் சட்டம், வருவாய் மேலாண்மை ஆகியவை கட்டாயப் பாடங்களா, விருப்பப் பாடங்களா? ஆசிரியர்களில் தொழிலில் பணியாற்றியவர்கள் இருக்கிறார்களா? ஹோட்டல் தரவு நிறுவனங்களின் ஒப்பீட்டு அறிக்கைகளை மாணவர்கள் பயன்படுத்த நூலகம் வழிசெய்கிறதா? இம்மூன்றையும் சேர்க்கைப் பிரிவுக்கு எழுதிக் கேட்பதில் தவறே இல்லை.

நிகழ்வாய்வுத் தேர்வில், அதாவது ஒரு நிறுவனத்தின் நிலைமையைக் கொடுத்து முடிவைக் கேட்கும் தேர்வில், எப்படி எழுதுவது?

முடிவை முதலில் எழுதுங்கள். மேலாளர் என்ன செய்ய வேண்டும் என்பதை முதல் பத்தியிலேயே சொல்லிவிட்டு, அதற்கான காரணங்களை எண்களோடு அடுக்குங்கள். நீங்கள் ஒதுக்கிய வழிகளையும் ஏன் ஒதுக்கினீர்கள் என்பதையும் நேர்மையாக எழுதுங்கள். வலிமை, பலவீனம் என்று கட்டம் போட்டு நிரப்புவதோடு நிறுத்தும் விடை, தகவலை இடம் மாற்றி வைத்த விடை மட்டுமே. யாருடைய பார்வையில் எழுதுகிறீர்கள் என்பதும் தெளிவாக இருக்க வேண்டும்: உரிமையாளருக்கு நல்லது நடத்துபவருக்கு நல்லதாக இராது என்பதை மேலே கணக்கிலேயே பார்த்தோம்.

ஆய்வேட்டுக்கு எப்படிப்பட்ட தலைப்பு நல்லது?

சிறிய தலைப்பு. உலக ஹோட்டல் தொழிலின் எதிர்காலம் என்று தொடங்கினால் செய்தித்தாள் கட்டுரைதான் மிஞ்சும். ஒரே நகரத்தில் உரிமக் கிளையாக நடக்கும் ஹோட்டல்களும் நிறுவனமே நடத்தும் ஹோட்டல்களும் விருந்தினர் விமர்சனங்களில் எந்த வகைப் புகாரில் வேறுபடுகின்றன என்று கேட்டால், தரவும் கிடைக்கும், முடிவும் கிடைக்கும்.

படித்து முடித்தால் என்ன வேலை?

பொது மேலாளர் பதவி மட்டுமே இலக்கு என்று பலர் எண்ணுகிறார்கள். அது மதிப்புக்குரிய பணி. ஆனால் அதற்குப் பல துறைகளில் ஆண்டுக்கணக்கான அனுபவம் தேவை, பட்டம் அந்த அனுபவத்துக்கு ஈடாகாது. பட்டம் நேரடியாகத் திறக்கும் கதவுகள் வேறு: வருவாய் மேலாண்மை, நிறுவனங்களின் விரிவாக்கப் பிரிவு, ஹோட்டல் மதிப்பீட்டு ஆலோசனை, வங்கிகளில் ஹோட்டல் கடன் பிரிவு, உரிமையாளர் சார்பில் நடத்தும் நிறுவனத்தைக் கண்காணிக்கும் சொத்து மேலாண்மை. கடைசியாகச் சொன்னதை மாணவர்கள் அதிகம் அறிவதில்லை. உரிமையும் நிர்வாகமும் பிரிந்த ஹோட்டல்கள் பெருகப் பெருக, மாதந்தோறும் வரும் கணக்கைப் படித்து, மராமத்து ஒதுக்கீடு எங்கே போனது, கட்டணம் ஏன் குறைக்கப்பட்டது, ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவு மீறப்பட்டது என்று உரிமையாளருக்காகக் கேட்கத் தெரிந்தவர்களின் தேவையும் பெருகுகிறது. அந்த வேலையில் ஆர்வம் இருந்தால், இறுதியாண்டு விருப்பப் பாடங்களில் சொத்து நிதியியலையும் ஒப்பந்தச் சட்டத்தையும் எடுங்கள். இன்டர்ன்ஷிப்பில் ஒரு பகுதியையாவது ஹோட்டலின் கணக்குப் பிரிவில் செய்ய இப்போதே கேட்டு வையுங்கள்.